வள்ளத்தைக் கவிழ்த்த லகரம்

செஞ்சிக்கு அணித்தே வல்லம் என்றோர் ஊர் உண்டு. ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்குத் தலைமையூர். சுற்றிலும் பாறைக் குன்றும் ஏரியும் நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையும். கிழக்கே நெடுந்தொலைவு சென்று மரக்காணத்துக் கரையையோ புதுவைக் கரையையோ எட்டினாலன்றி அவ்வூரார் உப்புக் காற்றை நுகர்தல் இயலாது. அம் மரக்காணமும் இவ் வல்லமும் இன்று ஒரே விழுப்புர மாவட்டத்தைச் சார்ந்தவை. எனவே, வல்லத்தில் பாதை போட்ட செய்தியும், கடலில் வல்லம் கவிழ்ந்து மீனவரைக் காணவில்லை என்னும் செய்தியும் ஒரே நாளில் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் அச்சாகலாம். முன்னது ஊர்; பின்னது கலம். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. இதைப் படித்த பள்ளி மாணவன் ஒருவன், கடலில்லாத தன் ஊருக்குப் படகின் பெயர் எவ்வாறு வந்ததென்று ஆசிரியரை வினவினால், அவ் வினாவிற்குக் குற்றவாளி மாணவனல்லன், அச்சிட்டவனே.

கலத்தின் பெயர் வல்லம் அன்று, வள்ளம். ஒற்றும் உயிர்மெய்யுமாக இரண்டு ளகரங்கள் நின்ற இடத்தில் இரண்டு லகரங்களைப் பெய்து, ஒரு தொன்மைச் சொல்லின் வேரையே அறுத்துவிட்டனர். தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் குமரியிலும் கடல் மேற் செல்லும் அக் கலத்தைப் பற்றி எழுதும் நாளிதழ்களில் மிகப் பலவும் 'வல்லம்' என்றே எழுதுகின்றன. கற்றறிந்தோரும் இதைக் கண்டு முகஞ்சுளிப்பதில்லை. வலையை வளை என்றும், புலியைப் புளி என்றும், வாளை வால் என்றும் எவனேனும் எழுதினால் எள்ளி நகைக்கும் உலகம், கடலோடியின் கலத்துக்கு நேர்ந்த இதே இழுக்கை வாளா பார்த்திருக்கின்றது. ஏன்? கரையில் வாழ்வோன் சொல் என்றால் எவ்வாறு எழுதினாலும் இழுக்கில்லை என்னும் இறுமாப்பன்றி வேறென்ன?

வள்ளம் என்னும் சொல்லின் பொருளை முதற்கண் நோக்குதல் வேண்டும். பழந்தமிழ் நூல்களில் வள்ளம் என்பது கிண்ணம், உண்கலம். கொங்கு நாட்டில் அதுவே கூலம் அளக்கும் அளவையின் பெயர். கடற்கரையில் ஒற்றை அடிமரத்தைக் குடைந்து செய்த ஓடத்தின் பெயர். கிண்ணமும் அளவையும் ஓடமும் எவ்வாறு ஒரு சொல்லுக்குள் அடங்கின? உட்குழிந்து விளிம்பு வளைந்த வடிவமே மூன்றுக்கும் பொது. வள் என்னும் அடி வளைவைக் குறிக்கும். வளை, வளையம், வளையல், வளைவு என அதன் கிளைகள் பல. குடைந்த மரத்தின் வடிவைக் கண்ட பரதவன், அடுக்களையில் தான் கண்ட குழிந்த ஏனத்தின் பெயரையே அதற்கும் இட்டான்.

இது வலிந்து கூறும் பொருளன்று. இதற்கு இணையான இன்னொரு சொல் தமிழிலேயே கண்முன் நிற்கின்றது. கலம் என்பது யாது? உண்கலம், மட்கலம் என்னும்போது அது ஏனம். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் என்னும்போது அது முகத்தலளவை. மரக்கலம், கலஞ்செலுத்துவோன் என்னும்போது அது கப்பல். ஏனம், அளவை, கப்பல் என்னும் மூன்று பொருளும் கலத்திற்கு எந்த வரிசையில் அமைந்தனவோ, அந்த வரிசையிலேயே வள்ளத்திற்கும் அமைந்துள்ளன. ஆங்கிலத்திலும் ஏனத்தையும் கப்பலையும் 'வெசல்' என்னும் ஒரே சொல் குறிப்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். உள்ளீடற்ற குழிவில் பொருளை ஏற்றுச் சுமப்பது இரண்டுக்கும் பொதுவாதலின், மாந்தன் மனம் ஆங்காங்கு ஒரே வழியிற் சென்றிருக்கின்றது.

'வல்' என்றால் வன்மை. வன்மையுடைய கலமாதலின் வல்லம் என்றும் கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இவ் வினா அறிவுக்கூர்மை போலத் தோன்றும். ஆயின் ஒரு நொடியும் நில்லாது. தமிழினின்று கிளைத்த மலையாளத்தில் இக் கலத்தின் பெயர் வள்ளம். ஆலப்புழையில் 1952-ஆம் ஆண்டு முதல் பரிசுக் கோப்பைக்காக நடைபெறும் பெரும்போட்டி வள்ளங்களி. நீண்டு நிமிர்ந்த முனையுடையது சுண்டன் வள்ளம். அங்கே ஒருவரும் லகரம் எழுதுவதில்லை. பாக்கு நீரிணையின் அக்கரையில் ஈழத் தமிழர் வழங்குவதும் வள்ளமே. யாழ்ப்பாணத்துத் தாளிகைகளில் இச் சொல் பிழையின்றி அச்சாகின்றது. மேற்கே மலையாளியும் கிழக்கே ஈழவரும் ளகரத்தைக் காத்திருக்க, நடுவே இருக்கும் தாய்த்தமிழ்நாட்டார் மட்டும் அதைக் கடலில் போட்டுவிட்டு, 'மக்கள் வழக்கு' என்று ஆறுதல் கூறிக்கொள்வது நாணத்தக்கது. மக்கள் வாயில் ழகரமுந்தான் பல இடங்களில் ளகரமாகவும் யகரமாகவும் ஒலிக்கின்றது. அதற்காக 'தமிள்' என்று தலைப்பிட்டு எவரேனும் தாளிகை நடத்துகின்றனரா?

பிழை வந்த வழியும் மறைவானதன்று. வெள்ளைக்கார அலுவலர்கள் கடற்கரைக் கலங்களைப் பற்றி எழுதினர். அவர்தம் எழுத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே குறி. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக விளங்கிய சேம்சு ஆர்னெல், 1920-இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றத்தைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சியை வெளியிட்டார். படகுகளின் உறுப்புகளை அவர் அளந்தும் வரைந்தும் காட்டிய உழைப்பு பெரிது. தமிழர் எவரும் அன்று அதைச் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின் ஆங்கில எழுத்தில் வள்ளமும் வல்லமும் வேறல்ல. அவ்வகை ஆங்கில அறிக்கைகளைப் பார்த்துத் தமிழாக்கியோர் கரைக்குச் சென்று ஒரு மீனவரை வினவியிருந்தால் போதும், வினவவில்லை. சொந்தக் கடலின் சொல்லைத் தமிழன் ஆங்கில அறிக்கையினின்று திரும்பக் கற்றுக்கொண்ட விந்தை இது.

இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். தஞ்சைக்கு அருகே ஒரு வல்லம்; அகநானூறு குறிக்கும் சோழநாட்டு வல்லம் அதுவே. செங்கற்பட்டுக்கு அருகே பல்லவர் காலக் குடைவரையையுடைய வல்லம். வேலூர்ப் பக்கத்தில் தேவாரம் பெற்ற திருவல்லம். தென்காசிப் பக்கத்தில் ஒன்று. செஞ்சிப் பக்கத்தில் ஒன்று. இவற்றுள் ஒன்றேனும் கடற்கரையில் இல்லை. எனவே ஊர்ப்பெயரில் படகைத் தேடுவது வீண். இங்கு லகரமே உரியது. வல் என்னும் அடியினின்று வலிமையான இடம், அரணான இடம் என்று பொருள் கொள்ளுதலே இயல்பாகப் பொருந்தும். தஞ்சை வல்லத்தில் பழங்கோட்டை இருந்ததும், செஞ்சி வல்லத்தைச் சூழ வன்பாறைக் குன்றுகள் நிற்பதும் அதற்குத் துணை. ஆர்வ மிகுதியால் தமிழ்ப்பற்றாளர் சிலர் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு எதையும் எதனோடும் முடிச்சிடுவர். வடமொழியாளர் செய்யும் அதே பிழையைத் தமிழின் பெயரால் செய்வது தமிழுக்கு ஆக்கமாகாது. சொல்லாராய்ச்சி எழுத்தில் தொடங்குகின்றது. எழுத்தைக் கைவிட்டவன் வேரைக் காணமாட்டான்.

செஞ்சியையும் கடலையும் இணைக்க வேண்டுமாயின் அதற்குப் படகுக் கற்பனை வேண்டா, வரலாறே உண்டு. செஞ்சி நாயக்கரின் இசைவைப் பெற்றே ஒல்லாந்தர் 1608-இல் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தனர். அதே தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயருக்கு விற்றவர், அந்நாளில் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆண்ட மராட்டிய அரசர் இராசாராம். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எத்துணைத் தொலைவு சென்று வீழ்ந்ததோ அதுவரைக்கும் உள்ள ஊர்கள் ஆங்கிலேயர்க்கு உரியவாயின. தமிழ்மண்ணை மராட்டியர் விற்க ஆங்கிலேயர் வாங்கினர், அளவுகோல் குண்டு. கரையிலிருந்த பரதவனை எவரும் கேட்கவில்லை. 1677 முதல் 1698 வரை இருபத்தோராண்டே செஞ்சி மராட்டியர் கையிலிருந்தது. ஆனந்தக்கோன் என்னும் ஆயர் தலைவன் தொடங்கினான் என்று வழிவழியாகச் சொல்லப்பெறும் அக் கோட்டை, 2025 சூலைத் திங்களில் 'மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள்' என்னும் தலைப்பின்கீழ் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. ஏறியதில் மகிழ்ச்சியே, ஏறிய பெயரில்தான் உறுத்தல். ஒன்றுக்குப் பெயரிடுபவன் அதன் உரிமையிலும் ஒரு பங்கைக் கொண்டு போய்விடுகிறான் என்பதற்கு இது போதிய சான்று.

கட்டுமரத்தின் கதையும் அத்தகையதே. அதன் சொற்பிறப்பில் வழக்கே இல்லை. கட்டு, மரம் என்னும் இரண்டு தமிழ்ச்சொற்கள், கட்டப்பட்ட மரம். ஆங்கில அகரமுதலிகள் அனைத்தும் தமிழ் என்றே ஒப்புகின்றன. வடமொழியில் வேர் தேடும் வல்லாளரும் இங்கே கைகட்டி நிற்கின்றனர். சோழமண்டலக் கரையில் அலை உடைந்து சீறும். அக்காலத்தில் பெரிய கலம் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறை மிக அரிது. ஆணியடித்துப் பலகை பிணித்த படகை அவ்வலை ஒரே அடியில் பிளந்துவிடும். அதை வெல்லும் வழியைப் பரதவன் கண்டான். மென்மையும் இலேசும் உடைய மரங்களைச் செதுக்கி, ஆணி ஒன்றும் இன்றிக் கயிற்றால் இரு முனைகளிலும் வரிந்து கட்டினான். ஏறிய நீர் மரங்களின் இடைவெளியே வடிந்துவிடும். ஆதலின் அது மூழ்காது. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். நாள்தோறும் கட்டுவதே அதன் உயிர். அதனாலேயே பெயரும் வினையடியாகப் பிறந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எரித்திரையக் கடற்செலவு என்னும் நூலை எழுதிய கிரேக்க வணிகன், இக் கீழைக்கரையில் தனிமரங்களைப் பிணைத்துச் செய்த மிகப் பெரிய கலங்களைக் கண்டு 'சங்கரா' என்று குறித்துள்ளான். அவன் அதே இடத்தில் கூறும் பொதுகை புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்டினம் மரக்காணம் என்றும் ஆய்வாளர் கொள்வர். மரம் பிணித்துக் கலம் செய்யும் கலை இக் கரையில் அத்துணைப் பழையது.

1670-களில் இக் கரையில் வணிகஞ் செய்த தாமசு பவுரி என்னும் ஆங்கிலேயர் கட்டுமரத்தைப் பற்றி எழுதியதோடு படமும் வரைந்தார். 1697-இல் வெளிவந்த வில்லியம் தாம்பியரின் செலவு நூல் வழியே அச்சொல் ஆங்கில மக்களிடம் பரவிற்று. இராசாராம் செஞ்சியில் அமர்ந்து கரையை விற்ற அதே காலப்பகுதியில் கரையின் சொல்லும் கப்பலேறிற்று. ஒன்றுக்கு விலை கொடுத்தனர், மற்றதற்கு விலையில்லை. போன இடத்தில் அது பட்ட பாடு சிறிதன்று. 1804-இல் நெப்போலியனின் படகுகளைப் புலோன் துறையில் கொளுத்துவதற்கு ஆங்கிலேயர் விடுத்த மிதக்கும் வெடிப்பெட்டிகளுக்குக் 'கட்டமரன்' என்று பெயர். பின்னர் ஒருகாலத்தில் வாயாடிச் சண்டையிடும் பெண்ணையும் அச்சொல்லால் ஏசினர். 1876-இல் எர்ரசாப்பு என்னும் அமெரிக்கப் படகு வல்லுநர் இரண்டு உடல்களை இணைத்து 'அமாரில்லிசு' என்னும் பாய்ப்படகைக் கட்டி நியூயார்க்குப் போட்டியில் பிறரையெல்லாம் விஞ்சினார். அவ்வகை இரட்டையுடற் கலம் அமைதிப் பெருங்கடல் தீவினரின் கலை. பெயரோ தமிழனுடையது. தீவினர் கலைக்குத் தமிழன் பெயரும், இருவர்க்குமின்றி அமெரிக்கனுக்குப் புகழும் ஆயிற்று. பின்னர் மூன்று உடல் கொண்ட கலத்தை ஆக்கியோர் அதற்கு 'டிரைமரன்' என்று பெயரிட்டனர். மூன்று என்பதற்கு அயற்சொல்லை முன்னே ஒட்டி, மரத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டனர்! மாழையாலும் கண்ணாடியிழையாலும் ஆகிய கலத்திற்குள் மரம் என்னும் தமிழ்ச்சொல் ஒளிந்து கிடக்கின்றது. ஈற்றில் மகரம் னகரமானது குறித்து வருந்த வேண்டுவதில்லை. மரம் மரன் ஆவது தமிழ் இலக்கணமும் ஒப்பும் போலியே. தாம்பியர் நன்னூல் கற்றிருந்தாரல்லர் என்பது வேறு.

இத்துணையும் நிகழ்ந்தபின் தமிழ்நாட்டில் நடப்பதென்ன? விரைவுப் பயணக் கலமொன்றைப் பற்றி எழுதும் தமிழ்த்தாள், 'கேட்டமரான் படகு' என்று எழுதுகின்றது. தன் வீட்டுப் பிள்ளை அயலூர் சென்று அயலுடை அணிந்து திரும்பி வர, அடையாளந் தெரியாமல் 'நீவிர் யாவிர்?' என்று கேட்கும் தந்தையை என்னென்பது? இரட்டையுடற் கலத்துக்கு இரட்டைக்கலம் என்று இயல்பாகவே பெயரிடலாம். கட்டுமரத்தைக் கட்டுமரத்துக்கே விட்டுவிடலாம். இதற்கு ஆணையம் எதுவும் வேண்டா.

தமிழனுக்குக் கடற்சொல் இல்லை, இருப்பனவெல்லாம் கடன் என்போர் இன்னும் இருக்கின்றனர். தோணியைக் கொண்டு வந்து வடமொழித் துரோணியின் சிதைவென்பர். துரோணி என்பது வடமொழியில் மரத்தொட்டி என்பது மெய்தான். ஆயின் தமிழில் தொள், தொளை, தோண்டு, தோண்டி என்று ஒரு குடும்பமே உயிரோடு இருக்கின்றதே! தோண்டி நீர்க்கலம், தோணி நீரிற் செல்லும் கலம். கலத்துக்கும் வள்ளத்துக்கும் கண்ட அதே உறவு இங்கும் தலைகாட்டுகின்றது. உற்றார் உறவினர் அனைவரும் ஓரூரில் வாழ, ஒருவனை மட்டும் பிரித்து 'இவன் வந்தேறி' என்பது எந்த ஊர் முறை? நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, ஓடம், புணை, தெப்பம் என்று பண்டை நூல்கள் அடுக்கும் பெயர்களின் பெருக்கமே, இம் மக்கள் நீரில் வாழ்ந்தவர் என்பதற்குச் சான்று. கப்பலின் முன்பகுதிக்கு அணியம் என்றும், கலஞ்செலுத்துவோனுக்கு மீகாமன், நீகான் என்றும் பெயரிருந்தன. வடக்கிருந்து வரும் காற்று வாடை, தெற்கிருந்து தென்றல், கிழக்கிருந்து கொண்டல், மேற்கிருந்து கோடை. காற்றை நான்காய்ப் பிரித்துப் பெயரிட்டவன் பாய் கட்டத் தெரியாதவனா?

கடனாக வந்தவையும் உண்டு. சுக்கானும் மாலுமியும் அரபுச் சொற்கள். அரபியரோடு ஒரே கடலில் ஒரே காற்றில் வணிகஞ் செய்தவர் நாவில் அவை ஏறின. அது கொடுக்கல் வாங்கல். அதை ஒளிக்க வேண்டுவதில்லை. மீகாமன் என்னும் சொல்லைத் தள்ளி மாலுமியை ஏற்றிக்கொண்டதே குறை.

இன்னொரு கொள்ளையும் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கின்றது. அரசின் ஆவணங்களும் செய்தித்தாள்களும் கடற்கலங்களை இரண்டாகப் பகுக்கின்றன: விசைப்படகு, நாட்டுப்படகு. பாக்கு நீரிணையின் வத்தை, தென்கரையின் வள்ளம், பலவகைத் தோணி, கட்டுமரம் ஆகிய எல்லாவற்றையும் 'நாட்டுப்படகு' என்னும் ஒரு சாக்கில் கட்டிப் போட்டுவிட்டனர். மருதநிலத்தில் நெல்லின் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பது பெருமையென்று பேசுவோர், நெய்தல்நிலத்தில் கலத்தின் வகைகளுக்குத் தனிப்பெயர் இருந்ததை அறியார். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. கரையில் கிடந்த கட்டுமரங்களைச் சிதறடித்தது. உதவிக்கு வந்தோர் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கினர். மீனவர்க்கு அது நலமே. விரைந்து செல்லவும் மிகுதியாகப் பிடிக்கவும் ஏற்ற கலத்தை வேண்டாவென்று எவரும் அவர்க்கு அறிவுரை கூற உரிமையில்லை. ஆயின் கட்டுமரம் கரையை விட்டு நீங்கும்போது, அதன் உறுப்புகளின் பெயரும், கட்டும் முறையின் பெயரும், கட்டுக் கயிற்றின் பெயரும் உடன் நீங்குகின்றன. அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகின்றனர்.

1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் பாவாணர் தலைமையில் தொடங்கிற்று. 1981-இல் அவர் மறைந்தார். முதன் மடலம் 1985-இல்தான் வெளிவந்தது. பின்னர்ப் பிற மடலங்களும் வந்தன. சொல்லின் வேரைக் காட்டும் நூல் நூலகத்தில் இருக்கின்றது. அதை எடுத்துப் பார்க்கும் கை செய்தியறையில் இல்லை. பாடநூல் எழுதுவோர் மேசையிலும் இல்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் குவிகின்றன. பாட்டின் உவமையை எண்ணுவோர் பலர். மரக்காணத்திலோ தேவனாம்பட்டினத்திலோ மூன்று திங்கள் தங்கி, ஒரு முதிய மீனவரிடம் கலத்தின் உறுப்புகளைத் தலைமுதல் கடைவரை தொட்டுக்காட்டச் சொல்லி, ஒலி பிறழாமல் எழுதி வருவோர் எத்துணையர்? அதற்குப் பொருட்செலவும் பெரிதன்று. ஒரு பட்டிமன்றத்துக்கு ஆகும் பந்தற் கூலி போதும்.

அதுவரை, செய்தித்தாள்களின் மெய்ப்புத் திருத்துவோர் ஒன்றைச் செய்யலாம். செஞ்சிப் பக்கத்துச் செய்தியானால் வல்லம். கடலிலிருந்து வரும் செய்தியானால் வள்ளம். முன்னதில் லகரம் இரண்டு. பின்னதில் ளகரம் இரண்டு. கட்டைவிரல் அளவுள்ள ஒரு தாள் துண்டில் இதை எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால், வல்லத்துப் பள்ளி மாணவன் தன் ஊர்க் குன்றின்மேல் நின்று படகைத் தேட வேண்டியிராது.